இரண்டு பேர் எடை மிச்சம்

1

“…எங்க ரெண்டு பேரு வெயிட்டும் மிச்சம்தான இப்ப. இனிமே நீ தாராளமா நூத்தி எண்பதே எடுத்துக்கலாம்” என்றார் அண்ணன்.

சென்னை விமான நிலையத்தில், பயணிகளை இறக்கிவிடும் இடத்தில், வேனின் பின்கதவைத் திறந்து என் பெட்டியைக் கீழே வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். பேச்சின் முதல் பாதி பக்கத்துக் கார்க்காரன் அடித்த ஹாரனில் போய்விட்டது. கேட்ட பாதியே எனக்கு அதிகம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த வாரம் பாரிசுக்கு வெளியே நான் வண்டி வாங்கிய கடையிலிருந்து போன் வந்தது. முதல் வருஷத்து சர்வீஸ் செய்ய வேண்டுமாம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அங்கே விற்பனை பார்க்கும் தாடிக்காரப் பையன் கேட்டான். கீழே இறங்கிப் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவன் அந்தச் சின்ன எண்ணை என்னிடமே திருப்பிச் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டு, “முசியே, நீங்கள் வாங்கியது வண்டியா, வீடா?” என்றான். நல்ல பிள்ளை, ‘முசியே’ என்று ஐயா போட்டுத்தான் கிண்டல் செய்தான். நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு தெரேஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். தெரேஸ் என் மனைவி. கேட்கக் கூடாத நேரத்தில் கேட்காமல் இருப்பது அவளுக்கு நன்றாக வரும்.

2

என் அண்ணன் லூர்துசாமி. புதுச்சேரி நெல்லித்தோப்பில் எந்தத் தெருவில் நின்று ‘வேன் லூர்து’ என்று கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். வேளாங்கண்ணி, திருப்பதி, ஊட்டி, மேல்மருவத்தூர் என்று கேட்டவர் கேட்ட இடத்துக்கு ஓட்டினார். சாமி வித்தியாசம் பார்க்க மாட்டார். “எந்த சாமின்னாலும் வண்டி டீசல்லதான ஓடுது” என்பார்.

எங்கள் ஊரில் ‘நேஷனாலிட்டிப் பொண்ணு’ என்று ஒரு பேச்சு உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண். அவளைக் கட்டிக்கொண்டால் மாப்பிள்ளையும் பிரான்சுக்குப் போகலாம். தெரேஸ் வீட்டார் அப்படி ஒரு வரன் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர்கள் கேட்டது என்னை அல்ல, அண்ணனை. அண்ணன் அப்போதுதான் சொந்த வண்டி எடுத்திருந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், “எனக்கு வண்டி இருக்குதுங்க, தம்பி சும்மாத்தான் இருக்கான், அவனக் கூட்டினு போங்க” என்றார். கூடையில் இருக்கிற இன்னொரு கத்தரிக்காயை எடுத்துக் கொடுப்பது மாதிரி. தெரேஸ் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அண்ணி விடுவாரா? “அன்னிக்கி இவரு போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன், நீ மாட்டியிருப்ப” என்பார்.

நான் வந்தேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவ ஆரம்பித்து, தட்டு கழுவும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஓய்வு பெற்றேன். பிரெஞ்சு படித்தது எல்லாம் அந்தக் கூடத்துப் பிள்ளைகளிடம்தான். அதனால் என் பிரெஞ்சில் ஆறு வயதுப் பிள்ளை பேசுகிற மாதிரி சில இடங்கள் இன்னும் இருக்கின்றன என்று என் மகள் சில்வி சொல்வாள்.

அண்ணன் ஓட்டிக்கொண்டே இருந்தார். வண்டி பேசி வரும் பார்ட்டிகள் லாட்ஜில் ரூம் போடுவார்கள், டிரைவர் வண்டியில் படுப்பார். அது தொழிலின் வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டு, காலை மடக்கி, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வார். வீட்டில் கட்டிலில் படுக்கும்போதும் அவருடைய முழங்கால் நீளாது. அண்ணி அதை, “மனுசன் கட்டில்ல படுத்தாலும் கியர் பக்கத்துலயே படுக்கறாரு” என்பார்.

ஒரு முறை வீடியோ காலில் இங்கே எங்கள் தெருவில் நின்றிருந்த ஒரு கேம்பிங் காரைக் காட்டினேன். உள்ளே அடுப்பு, குளியலறை, கட்டில் எல்லாம் வைத்த வண்டி. அண்ணன் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: “டிரைவருக்கும் கட்டில் இருக்குதா?”

இருக்கிறது என்றேன். போனை அண்ணியிடமும் காட்டினார். பிறகு, “அப்ப நல்ல வண்டிதான்” என்றார்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான். ஓய்வு பெற்றதும் ஒரு கட்டில் வண்டி வாங்குவது. அண்ணனையும் அண்ணியையும் வரவழைத்து, நாலு பேருமாக, பிரான்சின் தெற்கே லூர்து என்ற ஊரில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போவது. அவர் பெயருக்கே சொந்தமான ஊர் அது. வழியில் நல்ல நேரான சாலையில் அவர் கொஞ்ச தூரம் ஓட்டுவார். சாயங்காலம் நிறுத்தி, காலை நீட்டிப் படுப்பார். இவ்வளவுதான் திட்டம்.

ஒரு அவசரமும் இருந்தது. சர்க்கரை அவருடைய கண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்தது. வலது கண் ஏற்கெனவே மங்கல், இடது கண்ணும் அதே வழியில் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டதை அண்ணி எனக்குத் தனியாகச் சொன்னார். பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

3

கடையின் முற்றத்தில் எனக்குத் தோதாக இரண்டு வண்டிகள் நின்றன. ஒரே நீளம், ஒரே கட்டில். எஞ்சின்தான் வேறு. ஒன்று நூற்று நாற்பது குதிரைத் திறன், கையால் கியர் போடுவது. இன்னொன்று நூற்று எண்பது, தானே கியர் மாற்றிக்கொள்வது. இரண்டுமே டீசல்.

தாடிக்காரப் பையன் சொன்னதை நான் அப்படியே போனில் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பு வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்ய, டீசலோடு கூட இன்னொரு திரவத்தையும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும், நீல மூடி போட்ட தொட்டி, அதில் இருப்பது யூரியா என்றேன்.

“யூரியாவா? பாகூர்ல நெல்லுக்குப் போடறாங்களே, அதா?”

அதே சரக்கு, தண்ணியில் கரைத்தது என்றேன்.

“வண்டிய நட்டு வளக்கப் போறியா நீ?”

பிறகு குதிரைக் கணக்கில் தகராறு வந்தது. இங்கே வரி போடுவதற்கு அரசாங்கம் தனியாக ஒரு குதிரைக் கணக்கு வைத்திருக்கிறது. காகிதத்தில் அந்த எண் மிகவும் சின்னதாக இருக்கும். நான் அதையும் படித்துச் சொல்லித் தொலைத்தேன். நூற்று நாற்பது குதிரை என்றவன் இப்போது எட்டு என்கிறானே, மிச்சக் குதிரையெல்லாம் எங்கே போயிற்று, உன்னை ஏமாற்றுகிறான், வெளியே வா என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். அவரைச் சமாதானம் செய்ய நான் தமிழில் கத்த, கடைப் பையன் ஏதோ வியாபாரம் கெட்டுவிட்டது என்று பயந்து எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தான்.

அண்ணனுக்கு நூற்று எண்பதுதான் பிடித்தது. லூர்து மலையடிவாரத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் மனதில் ஊட்டி மலைப்பாதைதான் ஓடிக்கொண்டிருந்தது. “மலையில மூச்சு வாங்குற எஞ்சின்ல உக்கார்றது, சீக்காளி முதுகுல ஏறி உக்கார்ற மாதிரிடா” என்றார். பாரிசிலிருந்து அங்கே வரைக்கும் அகலமான நெடுஞ்சாலை, கொண்டை ஊசி வளைவு எதுவும் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அவர் சொன்னதில் தப்பு இருந்தது, ஆனால் அவர் சொன்ன விதம் பிடித்துப்போய், நானும் நூற்று எண்பது என்றே முடிவு செய்துவிட்டேன்.

சில்வி லியோனில் இருக்கிறாள். எஞ்சின் எதுவானாலும் டீசல் வேண்டாம் என்றாள். “அப்பா, அது முடிந்துபோன விஷயம், நகரத்துக்குள் விடமாட்டார்கள், அந்தப் புகை விஷம்” என்று பிரெஞ்சில் சொன்னாள். அவள் சொல்வது சரிதான். இதே சில்வி ஏழு வயதில் சென்னையில் விமானம் விட்டு இறங்கியதும் ஓடிப்போய்ப் பெரியப்பாவின் கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத டீசல் வாசனை. “பெரியப்பா வாசனை” என்பாள். அவள் தமிழில் சொன்ன சில சொற்களில் அது ஒன்று. நான் அதை நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தினால், “நிஜமாகவா?” என்று கேட்பாளோ என்று பயம்.

கையெழுத்துப் போடப் போன அன்றைக்குத்தான் கடைப் பையன் பேனாவை நீட்டாமல், “நீங்கள் எத்தனை பேர் போவீர்கள்?” என்று கேட்டான்.

நாலு பேர் என்றேன். அவன் முகம் மாறியது.

விஷயம் இதுதான். என்னைப் போல் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவன் ஓட்டுகிற வண்டி, ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து மூன்றரை டன்னைத் தாண்டக் கூடாது. கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய வண்டி, வெறுமனே நிற்கும்போதே அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மிச்சம் இருக்கிற எடையில்தான் மனிதர்கள். நூற்று எண்பதில் எஞ்சினோடு வரும் கியர்பாக்ஸும் அடிச்சட்டமும் கனம் அதிகம். அதில் இரண்டு பேர் போகலாம். நாலு பேர் ஏறித் தண்ணீரும் நிரப்பினால் எல்லையைத் தாண்டிவிடும், போலீஸ் எடை போட்டால் வழியிலேயே இறக்கிவிடுவார்கள். நாலு பேர் என்றால் நூற்று நாற்பதுதான்.

அண்ணனிடம் சொன்னேன். தான் ஒல்லி, எடையே கிடையாது என்று அண்ணன் வாதாடினார். அண்ணி போனைப் பிடுங்கி, “நீங்க ஒல்லி, நான்? என்னத்தான் பாதி வழியில எறக்கி விடுவாங்க, அதச் சொல்லுங்க” என்றார். எல்லாரும் சிரித்தோம். கடைசியில் அண்ணன் மனசில்லாமல் ஒத்துக்கொண்டார். “சரி, ஆளுதான முக்கியம். மெதுவாப் போவோம்.”

நூற்று நாற்பது என்று முடிவாயிற்று. ஆனால் அண்ணன் வந்து, அவர் கையால் சாவி வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் நேரில் பார்த்து மனம் மாறினாலும் மாறலாம், அதுவரை இரண்டு வண்டியையும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்று அந்தப் பையன் சொன்னான். கடைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எனக்குத் தெரியும்.

4

அண்ணனுடைய தொழிலில் ஒரு கட்டளை உண்டு. யாரும் அவருக்குப் போட்டது அல்ல, அவரே போட்டுக்கொண்டது. பார்ட்டியை இறக்கிவிட்ட இடத்திலிருந்து வண்டியை நகர்த்தக் கூடாது. மற்ற டிரைவர்கள் நிழல் தேடிப் போவார்கள், இடையில் ஒரு சின்ன சவாரி அடித்துவிட்டு வருவார்கள். இவர் போக மாட்டார். “தெரியாத ஊர்ல வந்து எறங்கினவன், திரும்பி வந்தா தேடறது வண்டியத்தான். அது நின்ன எடத்துல நிக்கலன்னா அவனுக்குப் பாதி உசுரு போயிடும்” என்பார்.

ஒரு வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன வண்டியில் நானும் இருந்தேன். என் கல்யாணத்துக்கு முன்பு. பெரிய மார்க்கெட்டில் பூ கட்டுகிற மத்தியாஸ் என்பவர் எங்களோடு வந்திருந்தார். காது கேட்காது, பேச்சும் வராது. தேர் முடிந்து எல்லாரும் வண்டிக்கு வந்துவிட்டார்கள், அவர் வரவில்லை. வண்டியில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். அவர் எப்படியாவது பஸ் பிடித்து வந்துவிடுவார், நாளைக்கு வேலைக்குப் போகணும் என்றார்கள். “ஏத்தினு வந்த தலை அத்தனையும் வண்டில இருந்தாத்தான் சாவி திரும்பும்” என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அதற்குள் போலீஸ் வந்தது. கூட்டம் கலைகிற நேரம், பாதையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, எடு எடு என்று லத்தியால் வண்டியைத் தட்டினார்கள். அண்ணன் இறங்கினார். அவசரமே இல்லாமல் முன்பக்கம் போனார். பானட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். தலையை உள்ளே விட்டுக்கொண்டு, “எஞ்சின் படுத்துடுச்சு சார், மெக்கானிக் வரணும்” என்றார். நல்ல எஞ்சின். காலையில்தான் ஊதுவத்தி காட்டியிருந்தார். போலீஸ்காரர் திட்டிவிட்டுப் போனார். அடுத்த போலீஸ்காரர் வந்தார். அவருக்கும் அதே பதில். பானட்டு திறந்தபடியே இருந்தது. மத்தியாஸ் எங்கெங்கோ அலைந்துவிட்டு மறுநாள் விடிந்த பிறகு கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தார். தூரத்திலேயே வண்டியைப் பார்த்துவிட்டு, அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். அண்ணன் அவரை ஏற்றிக்கொண்டார். பானட்டை இறக்கினார், வண்டியை எடுத்தார்.

5

விருந்தாளியை அழைப்பதற்கு இங்கே நகராட்சியில் ஒரு சான்று வாங்க வேண்டும். வருகிறவர்கள் தங்க இடம் போதுமா என்று வீட்டை அளக்கிறார்கள். எங்களுடையது சின்ன அடுக்குமாடி வீடு. நான் கெட்டிக்காரத்தனமாக, அவர்கள் பெரும்பாலும் கேம்பிங் காரில்தான் படுப்பார்கள் என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “வண்டி வீடு ஆகாது, முசியே” என்றார். அப்புறம் எப்படியோ கூடத்தில் இரண்டு படுக்கை போடலாம் என்று காட்டி வாங்கிவிட்டேன்.

அண்ணனும் அண்ணியும் விசாவுக்கு மனுக் கொடுத்தார்கள். முடிவு வருகிற நேரத்தில் நான் புதுச்சேரியில் இருந்தேன், அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதற்காக. அண்ணி சூட்கேஸ் வாங்கியிருந்தார். அண்ணன் ஸ்வெட்டர் வாங்கி, வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வியர்வையோடு கழற்றினார். கட்டிலின் நீளமும் அகலமும் என்னிடம் கேட்டு, கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் படுத்துப் பார்த்தார். முழங்கால் பழக்கத்தில் மடங்கியது. நானும் அண்ணியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து நீட்டிவிட்டோம். குதிகால் கோட்டைத் தொடவில்லை, அதற்குள்ளேயே அடங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தார். “எடம் மீதி இருக்குதுடா” என்றார்.

நோணாங்குப்பம் படகுத் துறைக்கு ஒரு நாள் போனோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன், மனுக் கொடுக்கிற இடத்தில் என்னவெல்லாம் கேட்டார்கள் என்று.

“எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. வண்டி ஓட்டன்னு சொன்னேன்.” பிறகு ஒரு சிரிப்பு. “சொஃபேர்னு பிரெஞ்சுலயே சொன்னேன்.”

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அது ஒன்றுதான், டிரைவர் என்று அர்த்தம். ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லியிருக்க வேண்டும். தம்பி வீட்டுக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வண்டியில் தான் சும்மா உட்கார்ந்து போகப் போகிறோம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஓட்டுவதற்கு என்றால் வேலைக்கு என்றல்லவா எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு உடனே உறைத்தது. அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அதனால்தான் போயிற்றா, வேறு எதனாலோ என்பதும் எனக்குத் தெரியாது. அவர்கள் காரணத்தை விளக்குவதில்லை, அச்சடித்த வரிகளில் ஒன்றுக்குக் குறி போடுகிறார்கள்.

இரண்டு பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தன. குறி போட்டிருந்த வரியை நான் ஒரு தடவை மனதுக்குள் படித்தேன். அண்ணன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்காமல் இருக்க முடியவில்லை. போனால் திரும்பி வருவீர்கள் என்பதில் நம்பிக்கை இல்லை என்று போட்டிருக்கிறார்கள் என்றேன்.

முதலில் பேசியது அண்ணிதான். “வேளாங்கண்ணியில ரெண்டு நாள் இருந்தாலே இவருக்கு வயிறு கெட்டுடும். இவரா அங்க போயித் தங்கிடுவாரு?” சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் பாஸ்போர்ட்டை வாங்கி, மங்காத கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் வெறும் பக்கங்கள். “கூட்டினு போன ஒரு ஆளக்கூட நான் விட்டுட்டு வந்ததில்ல தம்பி” என்றார். “என்னப் பாத்தா திரும்பி வர மாட்டான்றாங்க?”

மறுபடியும் மனுப் போடலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னொரு தடவை யாரிடமும் போய் நான் திரும்பி வருவேன் என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது என்றார். முதல் தடவை, தெரேஸ் வீட்டார் கூப்பிட்டபோது, அவராகப் போகவில்லை. இரண்டாம் தடவை அவரை விடவில்லை.

மறுநாள் காலையில் அண்ணி கூடத்தைத் துடைத்தார். சாக்பீஸ் கட்டம் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் துடைத்துக்கொண்டு போனார்.

6

திரும்பி வந்து கடைக்குப் போனேன். இரண்டு வண்டியும் நின்றன. தாடிக்காரப் பையன் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். வரவில்லை என்றதும், அவனாகவே சொன்னான், அப்படியானால் முசியே இனி நூற்று எண்பதை எடுக்கலாம், எடைப் பிரச்சினை தீர்ந்தது என்று. விமான நிலையத்தில் அண்ணன் சொன்ன அதே கணக்கு. கணக்கில் பிழை இல்லை.

நான் நூற்று நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

தெரேஸ் ஏன் என்று கேட்கவில்லை. சில்வி கேட்டாள். இரண்டு பேருக்கு எதற்கு நாலு பேர் வண்டி என்றாள். அண்ணனிடம் போனில் சொன்னேன். “சொன்ன பேச்சக் கேக்க மாட்ட” என்றார். அப்புறம், “கட்டிலு அதே நீளந்தான?” என்றார்.

அதே நீளம்தான் என்றேன்.

இந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்தியே வைத்தால் கெட்டுவிடும், கிட்டத்தில் ஓட்டினாலும் கெட்டுவிடும். புகைக்கரி வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். நிற்காமல் சூடேறி ஓடினால்தான் கரி எரிந்து போகும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் தெரேசும் வண்டியை எடுத்து, தெற்கே போகும் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்துவிடுவோம். அந்தச் சாலையிலேயே போய்க்கொண்டிருந்தால் லூர்து வந்துவிடும். நாங்கள் போனதில்லை. பின்னால் இரண்டு இருக்கைகளின் பெல்ட்டுகள் சுவரில் இடித்துத் தட்டிக்கொண்டே வரும். தெரேஸ் எழுந்துபோய் இரண்டையும் மாட்டிவிட்டு வந்து உட்காருவாள். ஆள் இருப்பது மாதிரி.

போகும்போது போனில் அண்ணனைக் கூப்பிட்டு, எஞ்சின் சத்தம் கேட்கிற மாதிரி வைப்போம். முன்பு வீடியோவில் சாலையைக் காட்டினேன். இப்போது வீடியோ வேண்டாம் என்கிறார். வெளிச்சமாக ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான் தெரிகிறது என்கிறார். இடது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. அண்ணிதான் சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்து, கையை எடுத்து அதன் மேல் வைக்கிறாராம். சத்தம் மட்டும் போதும் என்கிறார். நான் ஓட்டுகிறேன், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. ஒரு ஏற்றம் வந்தால் மட்டும், நெல்லித்தோப்பிலிருந்து குரல் வரும். “கியரக் கொற.”

குறைப்பேன்.

7

நான் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய அன்றைக்கு விமான நிலையத்துக்கு அண்ணனுடைய வேனில்தான் போனோம். முதல் முறையாக அவர் ஓட்டவில்லை. தூரத்து ஓட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் முருகையன் என்ற ஆக்டிங் டிரைவரை நாள் கூலிக்கு வைத்திருந்தார். அண்ணன் முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, முருகையன் பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தியது. மரக்காணம் தாண்டினதும் முருகையன் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்களும் ஓட்டறீங்க, நானும் ஓட்டறேன், சீக்கிரம் போயிடலாம்” என்றான்.

இறக்கிவிடும் இடத்தில் ஒரே கூட்டம். காவலர் விசிலை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, ஆளை இறக்கினதும் எடு எடு என்று ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். எடை மிச்சம் என்றார், நூற்று எண்பதே எடுத்துக்கொள் என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். டீசல் வாசனை வந்தது. நேரமாகிறது, போ என்று தோளைத் தட்டினார்.

வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலரிடம் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டிவிட்டு உள்ளே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேன் இன்னும் அங்கேயே நின்றது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. விசில்காரர் வேனை நோக்கி வந்துகொண்டிருந்தார். முருகையன் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பி, அண்ணன் ஏறுவதற்காக இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டிருந்தான்.

அண்ணன் ஏறவில்லை. முருகையனிடம் கையை நீட்டி, நிறுத்தச் சொன்னார். வண்டியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போனார். பானட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.